பஞ்சமும் அச்செழுத்தும்

இதழ்கள் சமுதாயத்திற்கு ஆற்றிய தொண்டு யாது என்னும் வினாவுக்கு விடுதலைப் போராட்டத்தையும் மொழி வளர்ச்சியையும் விடையாகச் சொல்வது வழக்கம். அவ்விடை தவறன்று. ஆயினும் இதழியலின் ஆற்றலை அளந்தறிய ஆய்வாளர் கண்ட உரைகல் வேறு. அது பஞ்சம். ஒரு செய்தி அச்சேறியதனால் பிழைத்தவர் உண்டா, அச்சேறாமையால் மடிந்தவர் உண்டா என்று கேட்கும்போது இதழின் மதிப்பு ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிறது.

தாது வருடப் பஞ்சம் என்று தமிழகம் நினைவில் வைத்திருக்கும் 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. நிவாரணப் பணியாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று வகுத்தார் சர் ரிச்சர்டு டெம்பிள். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மறுத்தார் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். இவ்வழக்கையும் பஞ்சத்தின் முழு வரலாற்றையும் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். பஞ்ச வரலாற்றை ஆராய்வோர்க்கு இன்றும் அந்நூல் ஒரு முதன்மைச் சான்று.

அதே 1878இல் லிட்டன் பிரபுவின் அரசு இந்திய மொழி இதழ்களை ஒடுக்கச் சட்டம் ஒன்றைப் பிறப்பித்தது. ஆங்கில இதழ்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. கல்கத்தாவின் 'அமிர்த பஜார் பத்திரிகா' முழுதும் ஆங்கில இதழாக மாறி அச்சட்டத்திலிருந்து தப்பியது. ஆட்சியாளர் எந்த எழுத்துக்கு அஞ்சினர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

தாது வருடப் பட்டறிவின் பயனாகப் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. பஞ்சம் என்று அறிவித்துவிட்டால் நிவாரணம் தருவது அரசின் கடமை என்று அவை வகுத்தன. அதனாலேயே அறிவிப்பது ஆள்வோர்க்குக் கசந்தது. 1943இல் வங்கம் பட்டினியில் வீழ்ந்தபோது அவ்விதித்தொகுப்பு நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. போர்க்காலத் தணிக்கை வங்க மொழி இதழ்களின் குரலை நெரித்தது. பட்டினியை ஓவியங்களாலும் சொல்லாலும் பதிவுசெய்த சித்தபிரசாத்தின் நூல் பறிமுதல் செய்யப்பட்டு, ஏறக்குறைய எல்லாப் படிகளும் அழிக்கப்பட்டன. கல்கத்தாவில் வெளிவந்த, ஆங்கிலேயருக்குரிய 'ஸ்டேட்ஸ்மன்' இதழும் பல மாதங்கள் அடங்கியே இருந்தது. பின்னர் அதன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் 1943 ஆகஸ்டு 22ஆம் நாள் இதழில் தெருவில் மடிந்துகொண்டிருந்தோரின் படங்களை வெளியிட்டார். அக்டோபரில் கடுமையான தலையங்கங்களும் தொடர்ந்தன. மூடிவைத்த துயரம் உலகறிந்த செய்தியாயிற்று. அம்மாதமே அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற வேவல் கல்கத்தா சென்று பார்த்து, நிவாரணத்தில் படையினரை ஈடுபடுத்தினார். அரசின் விசாரணைக் குழு 1945இல் இறந்தோர் தொகையைப் பதினைந்து இலட்சம் என்றது. பிற்கால ஆய்வுகள் முப்பது இலட்சம் வரை மதிப்பிடுகின்றன. ஆசிரியர் ஒருவரின் துணிவு போற்றத்தக்கதே. ஆனால் அதற்கு முந்தைய மௌனத்தின் விலையையும் அவ்வெண்ணிக்கை சொல்கிறது.

அந்நாளில் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுச் சிறுவராக அப்பஞ்சத்தைக் கண்டவர் அமர்த்திய சென். உணவு இருந்தும் அதனைப் பெறும் உரிமையும் வழியும் அற்றுப்போவதால் மக்கள் பட்டினியால் மடிவதுண்டு என்று 1981இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார். தேர்தலும் தடையற்ற இதழ்களும் உள்ள நாட்டில் பெரும்பஞ்சம் நிகழ்வதில்லை என்பது அவர் பின்னர் முன்வைத்த கருத்து. 1958 முதல் 1961 வரை சீனத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பஞ்சத்தில் மடிந்தனர் என்பர். அந்நாட்டு இதழ்களோ அக்காலத்தில் பொய்யான விளைச்சல் கணக்குகளைப் புகழ்ந்து எழுதின. உண்மையை எழுத ஆளில்லாத நாட்டில் அரசுக்கும் உண்மை எட்டுவதில்லை.

இக்கருத்தைப் புள்ளிவிவரங்களால் சோதித்தவர்கள் டிமோத்தி பெஸ்லி, ராபின் பர்கெஸ் என்னும் பொருளியலாளர் இருவர். இந்தியாவின் 16 மாநிலங்களில் 1958 முதல் 1992 வரையிலான கணக்குகளை ஆராய்ந்து 2002இல் தம் முடிவை வெளியிட்டனர். உணவு விளைச்சல் 10 விழுக்காடு குறையும்போது, இதழ் விற்பனையில் நடுநிலையில் உள்ள மாநிலங்களில் பொது உணவு வழங்கல் 1 விழுக்காடு உயர்ந்தது. விற்பனையில் உயர்நிலையில் உள்ள மாநிலங்களில் 2.28 விழுக்காடு உயர்ந்தது. அரசை இவ்வாறு அசைத்தவை வட்டார மொழி இதழ்களே. ஆங்கில இதழ்களோ இந்தி இதழ்களோ அல்ல என்பது அவர்கள் கண்ட மற்றோர் உண்மை. 1878இல் 'இந்து' ஆங்கில இதழைத் தொடங்கியோருள் முன்னின்ற ஜி. சுப்பிரமணிய ஐயர், நான்கே ஆண்டுகளில் 'சுதேசமித்திர'னைத் தமிழில் தொடங்கியதன் தொலைநோக்கை இம்முடிவு நினைவூட்டுகிறது.

எனினும் ஆய்வு இதழ்களுக்குப் புகழ்மாலை மட்டும் சூட்டவில்லை. திடீரெனத் தாக்கும் பஞ்சத்தை உரக்கச் சொல்லும் இதழ்கள், நாள்தோறும் அரைவயிற்றோடு உறங்குவோரைப் பெரும்பாலும் காண்பதில்லை என்பதைச் சென்னும் சுட்டிக்காட்டினார். வற்றாத வறுமை புதுச்செய்தி ஆவதில்லை. அக்குறையை நீக்க வறிய மாவட்டங்களில் தங்கி, வாழ்க்கையையே செய்தியாக்கிய பி. சாய்நாத்தின் கட்டுரைகள் 1996இல் நூலாயின.

தாது வருடத்தில் மாண்டோர் பெயர்களை எந்த இதழும் அச்சிட்டு வைக்கவில்லை. அவர்தம் துயரை நாட்டுப்புறக் கும்மிகளும் சிந்துகளும் சுமந்து வந்தன. இதழ் எட்டாத இடத்தில் பாடல் நின்றது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது பசித்தவர் போய்விட்டிருந்தார். உயிரோடிருக்கும்போதே ஒருவன் பசியை ஊரறியச் செய்வது இதழின் கடமை. அக்கடமை அவன் பேசும் மொழியிலேயே தொடங்குகிறது என்பதே இவ்வாய்வுகள் காட்டும் உண்மை.