அம்மாவின் மேல் விழுந்த கிரகணம்

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. பிற்பகலில் சூரிய கிரகணம். குமாரபாளையத்தில் எங்கள் தெருவே தறியை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டது. மூன்று மாதக் கர்ப்பிணியான என் அம்மா, கொடியில் காய்ந்த நூலை எடுக்க வாசலுக்கு வந்துவிட்டாள்.

ஆகஸ்டில் தங்கை பிறந்தாள். இரண்டாம் வாரம் முன்கையில் ஊசி குத்தியதுபோல் சிவப்பு தெரிந்தது. மூன்று மாதத்தில் இலந்தைப்பழமாய் உப்பியது. “கெரகணத்துல வெளிய வந்தியே, அதான் புள்ள கையில நிக்குது” என்றாள் அப்பத்தா. “பொறந்தப்ப கை சுத்தமாத்தான் இருந்துச்சு” என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

இந்தப் பழி நம்மூரோடு நின்றதல்ல. ஐரோப்பாவிலும் இத்தகைய மச்சத்துக்கு லத்தீனில் ‘நேவஸ் மேட்டர்னஸ்’, தாயின் மச்சம், என்று முன்பு பெயர். கர்ப்பிணியின் பயமும் நிறைவேறாத ஆசையும் குழந்தையின் தோலில் பதியும் என்று நம்பினார்கள்.

பிறகு வைத்தியம் அவசரப்பட்டது. ரேடியமும் எக்ஸ்ரேயும் வைத்தார்கள். ஸ்வீடனில் 1920 முதல் 1959 வரை அப்படிக் கதிர் வாங்கிய குழந்தைகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, தைராய்டு, மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. கட்டியோ புற்றே அல்ல. அது தானாக வற்றுவதை 1938இலேயே லிஸ்டர் என்ற மருத்துவர் கவனித்து எழுதியிருந்தார்.

பாலம் தாண்டிப் பவானியில் நாங்கள் பார்த்த டாக்டர் விரலால் அழுத்தினார். வெளுத்தது, விட்டதும் சிவந்தது. பிறகு, “பொறக்கும்போதே இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். “இல்லீங்க” என்றாள் அம்மா. “ரத்தக்குழாய்க் கட்டி. தானா வத்திரும், பொறுங்க” என்றார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பின்னாளில்தான் புரிந்தது. 1982இல் பாஸ்டனில் மல்லிகன், குளோவாக்கி என்ற ஆய்வாளர்கள் இரண்டைப் பிரித்துக் காட்டினார்கள்: பிறந்தபின் செல் பெருகி வளர்ந்து வற்றும் கட்டி ஒன்று, பிறவியிலேயே இருந்து, வற்றாமல் நிலைக்கும் ரத்தக்குழாய்க் கோளாறு மற்றொன்று. கண்ணோரம், மூச்சுவழி, உதடு என்றால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அதற்கும் 2008இல் பிரான்சின் போர்தோ நகரில் வழி பிறந்தது. ஒரு குழந்தையின் இதயத்துக்காகக் கொடுத்த புரோப்ரனலால் மருந்து, மூக்கிலிருந்த கட்டியையும் சுருக்கியதை லியோத்தே-லாப்ரேஸ் என்ற மருத்துவரின் குழுவினர் கண்டார்கள்.

தங்கைக்கு மருந்தே தேவைப்படவில்லை. ஒரு வயதில் நடுவில் வெளுத்தது; ஐந்து வயதில் தளர்ந்த தோல்தான் மிச்சம். நோயைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டிய சாட்சியம் அம்மாவிடம்தான் இருந்தது. அந்த டாக்டர் கேட்கும்வரை, எங்கள் வீட்டில் ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.