கிளிஞ்சலும் மாத்திரையும்

பழவேற்காடு ஏரியின் படுகையில் கிளிஞ்சல் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கிறது. என்றோ வாழ்ந்து மடிந்த மட்டிகளின் ஓடுகள். வாரிக்கொண்டு வந்து சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சிமெண்ட் வரும்வரை இந்தக் கரையோரத்துச் சுவர்களைப் பிடித்து நிறுத்தியது அதுதான், வெற்றிலைக்கும் அதுதான். கிளிஞ்சல் என்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மருந்துக்கடையில் விற்கும் பல கால்சியம் மாத்திரைகளில் இருப்பதும் அதே பொருள்தான். 1.25 கிராம் கார்பனேட்டில் 500 மில்லிகிராம் கால்சியம். சிப்பி ஓட்டிலிருந்து எடுத்தது என்று சில அட்டைகளில் அச்சிட்டே இருக்கும்.

கோட்டைக்குப்பத்தில் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: “ஒம்பதாவது படிக்கிறான் சார். கூடப் படிக்கிற பசங்க தோளுக்குத்தான் வர்றான். கால்சியம் மாத்திர வாங்கிக் குடுத்தா வளருவானா?” சாதாரணக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. ஏரியை மட்டும் நம்பி இனி ஒரு குடும்பம் ஓடாது என்று நினைப்பவர்கள் பிள்ளைகளைக் காவலர் தேர்வுக்குத் தயார்செய்கிறார்கள். அங்கே மீனவர்கள் இடம்பெறும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் ஆண்களுக்குக் குறைந்தபட்ச உயரம் 170 செ.மீ. ஒரு செ.மீ. குறைந்தாலும் வீட்டுக்குத்தான்.

இதே கேள்வியைத் தமிழ் மண்ணில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்துக்கு 1935இல் டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு இயக்குநராக வந்தார். இந்திய உணவுகளில் என்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்து 1937இல் ஒரு கையேடு வெளியிட்டார். தீட்டிய அரிசியில் கால்சியம் மிகச் சொற்பம். பின்னால் வந்த அட்டவணைகள் 100 கிராமுக்குச் சுமார் 10 மில்லிகிராம் என்கின்றன. கேழ்வரகில் அது 340க்கு மேல். சோறே பிரதானம், பால் கிடையாது என்று வளரும் பிள்ளைக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? அய்க்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் நர்சரிப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கால்சியம் லாக்டேட் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்கப்பட்ட குழந்தைகள் கூடுதலாக வளர்ந்தார்கள் என்று 1938இல் லான்செட் இதழில் எழுதினார்கள்.

அப்படியென்றால் மாத்திரை வாங்கலாமே? அவசரம் வேண்டாம். அவர்கள் சோதித்தது சின்னஞ்சிறு பிள்ளைகளை, அதுவும் தட்டில் கால்சியமே இல்லாத பிள்ளைகளை. எவ்வளவு தேவை என்ற கணக்கும் நிலையாக நின்றதில்லை. உலக உணவு நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 1962 அறிக்கையில் 11 முதல் 15 வயதுக்கு நாளொன்றுக்கு 600–700 மில்லிகிராம் போதும் என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010இல் பதின்வயதினருக்கு 800 என்றது. 2020இல் 13–15 வயதுக்கு 1000 ஆக்கியது.

2006இல் 19 சோதனைகளை, மொத்தம் 2859 பிள்ளைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மாத்திரையால் எலும்பின் அடர்த்தியில் கிடைத்த பலன் மிகச் சிறிது. அடுத்த ஆண்டு வந்த ஆய்வு, உயரத்தில் வித்தியாசமே இல்லை என்றது.

எனக்கு அதிகம் உறைத்தது காம்பியா நாட்டு ஆய்வு. ஆற்றோர ஆப்பிரிக்க நாடு. அங்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உணவில் கால்சியம் குறைவு. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஓராண்டு கால்சியம் கார்பனேட் கொடுத்துவிட்டு, அவர்கள் பெரியவர்களாகும்வரை தொடர்ந்து அளந்தார்கள். பையன்கள் சீக்கிரம் வளர்ந்தார்கள். பதினைந்தரை வயதில் 2 செ.மீ. கூடுதல். ஆனால் வளர்ச்சி சீக்கிரமே நின்றும் போனது. இருபத்து மூன்றரை வயதில், மாத்திரை சாப்பிடாதவர்களைவிட 3.5 செ.மீ. குறைவு. பெண்பிள்ளைகளிடம் இந்த மாற்றம் இல்லை. 2012இல் வெளியான இந்த ஒரே ஆய்வை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனாலும் அளவுநாள் வரும்போது மாத்திரையே கையை விரித்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிட என்ன எச்சரிக்கை வேண்டும்?

உயரம் பெரும்பாலும் பரம்பரை. மீதி, சிறுவயதிலிருந்து கிடைத்த மொத்தச் சாப்பாடும், நோய்நொடி இல்லாத உடம்பும். கால்கள் வளைந்திருந்தால், எலும்பு வலி இருந்தால், வளர்ச்சி நின்றுபோனதுபோல் தெரிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; அவர் சொன்னால் மாத்திரை. உயரத்துக்காக நாமே கடையில் வாங்கிக் கொடுப்பது வீண்செலவு.

எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதை இந்தக் குப்பங்கள் முள்ளோடு மென்று தின்னும் பொடிமீனிலிருந்தே எடுத்துக்கொண்டன. நெத்திலிக் கருவாடு ஏழையின் பால். ஆனால் தமிழகக் கடற்கரையில் பொடிமீனில் ஒரு பங்கு இன்று கோழித்தீவனத்துக்குப் போகிறது. தட்டில் ரேஷன் அரிசிச் சோறு. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பை ஏரிக்கரை ரேஷன் கடைக்கும் வரட்டும். அதுவரை, விற்கப் போகும் கூடையிலிருந்து ஒரு கை பொடிமீனை வீட்டுக்கென்று எடுத்து வைக்கலாம்.