இப்னு பதூதா உண்ட தயிர்: ஒரு கடலோர உணவு மரபின் தடம்

எமது முன்னோரின் வரலாற்றை எழுதும்போது கப்பலையும் கறுவாவையும் மாணிக்கத்தையும் நாம் விடாமல் எழுதிவிடுகிறோம். பழைய பள்ளிவாசல்களின் கல்வெட்டுகளைத் தேடி அலைகிறோம். ஆனால் அந்த வணிகர்கள் கரை இறங்கி என்ன சாப்பிட்டார்கள், அது அவர்களுடைய உடம்புக்கு என்ன செய்தது என்ற கேள்வி எம்மவரின் ஆய்வுகளில் அதிகம் எழுவதில்லை. இன்றோ ‘புரோபயோட்டிக்’, ‘பிரிபயோட்டிக்’ என்ற சொற்கள் மருந்துக் கடையிலும் சுப்பர் மார்க்கெட்டிலும் விலையோடு தொங்குகின்றன. அவை குறிக்கும் உணவு எமக்குப் புதியதா என்று பார்ப்பதற்காகவே இப்னு பதூதாவின் பயண நூலை மீள வாசித்தேன்.

1331 அளவில் அவர் மொகதிசு நகரில் தங்குகிறார். அங்கே அவருக்கு நெய்ச்சோறு வருகிறது. ஒரு பாத்திரத்தில் பாலில் வேகவைத்த வாழைக்காய். இன்னொன்றில் புளித்த பால், அதன்மேல் ஊறுகாயாக்கிய தேசிக்காய், வினாகிரியிலும் உப்பிலும் ஊறிய மிளகுக் கொத்து, பச்சை இஞ்சி, மாங்காய். அந்த ஊரவர் ஒருவர் சாப்பிடுவதை நம்மில் ஒரு கூட்டமே சாப்பிடலாம், அவர்கள் பருத்த உடம்புக்காரர்கள் என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். நல்ல உணவும் அளவு மீறினால் என்னாகும் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதான்.

பத்தாண்டுகள் கழித்து இந்தியாவின் மேற்குக் கரையில் ஹொன்னாவர். அங்கும் அவர் சுல்தானின் விருந்தாளி. சோறும் நெய்யும் கோழியும் மீனும் முறைப்படி வருகின்றன. உப்பிலிட்ட மிளகு, இஞ்சி, தேசிக்காய், மாங்காய் தொட்டுக்கொள்ள. எல்லாம் முடிந்தபின் கடைசியாகத் தயிர். தயிர் வந்துவிட்டால் இனி ஒன்றும் வராது என்று விருந்தாளிக்கு விளங்கிவிடுமாம். எங்கள் ஊர்க் கலியாணச் சாப்பாட்டில் தயிர்ச்சட்டி வந்ததும் கை கழுவ எழும்புகிறோமே, அந்த ஒழுங்குதான்!

மொகதிசுவிலும் ஹொன்னாவரிலும் வாழ்ந்தவர்கள் எம்மைப் போல ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றியவர்கள். பருவக்காற்று இந்த இரண்டு கரைகளையும் இணைத்தது. மத்ஹபும் ஊறுகாயும் ஒரே கப்பலில் வந்தன என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரே கடலைச் சுற்றி வாழ்ந்தவர்களின் சஹனில் ஒரே வகைப் புளிப்பு இருந்தது என்பதற்கு இது எழுத்துச் சான்று.

1344இல் அவர் இலங்கைக்கு வருகிறார். இங்கே கறுவாவும் மாணிக்கமும் பாவா ஆதம் மலையும்தான் அவருடைய பக்கங்களில் முன்னுக்கு நிற்கின்றன. ஆனாலும் மலைக்குப் போகும் வழியில், மனார் மண்டலி என்று அவர் பெயர் சொல்லும் ஊரில் கிடைத்த விருந்தைக் குறித்து வைத்திருக்கிறார். காட்டில் பிடித்த எருமைக் கன்று, சோறு, நெய், மீன், கோழி, பால். அங்கே தயிர் என்ற சொல் இல்லை. ஆனால் எங்கள் நாட்டு முறையில் பால் உறைந்து தயிராகி, தயிர் கடைந்து வெண்ணெயாகி, வெண்ணெய் உருகித்தான் நெய் வரும். நெய் இருந்த வீட்டில் தயிரும் மோரும் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

தயிர் அரபுக் கப்பலில் வந்தது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் விடியுமுன் தயிர் கடைந்து, மோர் விற்று வீட்டாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் வாங்க மறுத்து, எருமையும் பசுவும் கேட்கிறாள். உயர்தர வகுப்பில் குறுந்தொகை 167ஆம் பாட்டைப் படிப்பிக்கும்போது, கட்டித் தயிரைப் பிசையும் அந்தப் புதுப் பெண்ணின் விரல்களை விளக்கிக் கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கேட்டது: “சேர், அது யோகட்டா?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தயிர் என்றால் சீனி போட்ட கப்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

விஞ்ஞானம் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது மிகப் பிந்தித்தான். 1905இல் பல்கேரிய மருத்துவர் ஸ்டாமென் கிரிகோரொவ் ஜெனீவாவில் தம் நாட்டுத் தயிரிலிருந்த பக்டீரியாவை இனங்கண்டார். பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மெச்னிகோவ், பல்கேரிய விவசாயிகள் நீண்ட நாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று வாதிட்டார். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு பற்றிய ஆய்வுக்காக. ஜப்பானில் 1935இல் யாகுல்ட் விற்பனைக்கு வந்தது. ‘பிரிபயோட்டிக்’ என்ற சொல்லை 1995இல் கிப்சனும் ரொபர்ஃப்ராய்டும் அறிமுகப்படுத்தினார்கள்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. போதிய அளவில் உட்கொண்டால் நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் புரோபயோட்டிக். குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களுக்கு இரையாகி நன்மை தருபவை பிரிபயோட்டிக். வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள சில நார்ப்பொருட்கள் இந்த வகை. வாழைக்காயிலும் ஆறிய சோற்றிலும் உள்ள செரிக்காத மாப்பொருளும் பெருங்குடல் வரை போய் அவற்றுக்கு இரையாகிறது. மொகதிசுவின் வாழைக்காயும் புளித்த பாலும் அடுத்தடுத்த பாத்திரங்களில் வந்ததை இந்தக் கண்ணோடு பார்க்கையில் வியப்பாக இருக்கிறது.

உடலின் எதிர்ப்புக் கலங்களில் பல குடலைச் சார்ந்து இருப்பதால், குடலின் நலம் எதிர்ப்புச் சக்தியையும் தொடுகிறது. 2021இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 36 பேரை வைத்து 10 வாரங்கள் நடத்திய ஆய்வில், புளித்த உணவுகளைக் கூடுதலாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிர்களின் வகை பெருகியது. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான். எனவே தயிர் சாப்பிட்டால் நோயே வராது என்று யாரும் மிம்பரில் ஏறிச் சொல்லிவிட வேண்டாம். புளித்ததெல்லாம் புரோபயோட்டிக்கும் அல்ல. அடுப்பில் வெந்த அப்பத்தில் நுண்ணுயிர் உயிரோடு இருக்காது. பாணியைத் தாராளமாக ஊற்றினால் தயிரின் நன்மையைச் சீனி வருத்தம் தின்றுவிடும்.

எங்கள் நோன்புக் கஞ்சியில் உள்ளியும் வெந்தயமும் போடுகிறோம். பழஞ்சோற்றில் இராத்தண்ணி ஊற்றி, வெங்காயம் கடித்துக்கொண்டு வயலுக்குப் போனார்கள் எங்கள் வாப்பாமார். “சட்டிய முழுசா வழிக்காத, உறைக்கி ஒரு கரண்டி வெச்சிப் போட்டு எடு” என்று உம்மா சொல்லுவா. அந்தக் கரண்டித் தயிரில்தான் நேற்றைய நுண்ணுயிர் நாளைய பாலுக்குப் போகிறது. ஆய்வுகூடத்தில் ‘வளர்ப்பு’ என்று பேணுவதை, அந்தப் பெயர் தெரியாமலே அவர்கள் அடுப்பங்கரையில் பேணினார்கள்.

இப்போது அந்தச் சங்கிலி அறுகிற நிலை. கிழக்கில் எருமைப் பட்டிகளுக்கு மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே போகிறது. பட்டிக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். ஈரத்தை உறிஞ்சித் தயிரை இறுக்கும் மண் சட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் வருகிறது. பட்டியும் சட்டியும் உறைக் கரண்டியும் போனால், நாளை அதே நன்மையைச் சிறு போத்தலில் காசு கொடுத்து வாங்க வேண்டி வரும். வாங்க முடியாத வீட்டுக்கு அதுவும் இல்லை.

ஆகவே ஆய்வில் நாட்டமுள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் எழுபது வயது தாண்டிய பெண்களிடமும் மிஞ்சியிருக்கும் பட்டிக்காரரிடமும் போய் உட்காருங்கள். பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினார்கள், எந்தச் சூட்டில் உறை ஊற்றினார்கள், உறை இல்லாத நாளில் எந்த வீட்டில் போய் வாங்கினார்கள், மாரியில் தயிர் உறையாவிட்டால் என்ன செய்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு பயணி விருந்துண்ட பாத்திரங்களை எண்ணி எழுதி வைத்ததால்தான் இன்று இவ்வளவும் பேச முடிகிறது.