பானைக்குள் இன்சுலின்

இன்சுலின் பிறந்ததே கோடையில்தான். 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாயின் கணையத்தை எடுத்து, சில்லென்ற உப்புக் கரைசலில் போட்டு, மணல் சேர்த்து அரைத்துச் சாறு வடித்தார்கள். குளிர்ச்சி குறைந்தால் கணையத்தின் செரிமான நொதிகளே அந்தச் சாற்றைச் சிதைத்துவிடும் என்று பயந்தார்கள். 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குப் போட்ட முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. அதே குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்தை 23ஆம் தேதி போட்டதும் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கியது.

அடுத்த ஆண்டே இன்சுலின் கடைக்கு வந்துவிட்டது. இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான சின்னப் புரதம். சூடு ஏறினால் மடிப்பு குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், உறைந்துபோனாலும் கெட்டுவிடும். அதனால்தான் திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறார்கள்.

மருந்து உலகமெங்கும் போனது. ஃப்ரிட்ஜ் அதன் கூடவே போகவில்லை.

மதராஸ் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். கோத்ரேஜ் நிறுவனம் இந்தியாவில் தயாரித்த முதல் ஃப்ரிட்ஜ் வந்தது 1958இல். வந்த பிறகும் நெடுங்காலம் அது வசதியானவர்கள் வீட்டுச் சாமானாகவே இருந்தது. மற்றவர்களுக்குக் கைகொடுத்தது மண்பானை. குப்பியைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றிய பானைக்குள் வைத்து, பானையை நிழலில் காற்றோட்டமாக வைப்பது வழக்கம். மண்ணின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. சூடானிலும் மாலியிலும் இதே முறை உண்டு.

இந்தக் கைவைத்தியத்தை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தது வெகு பிற்பாடுதான். ஆப்பிரிக்கா, ஆசியா, ஹைட்டி எனப் பல இடங்களின் பானைகளை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. பானைகள் வெப்பத்தைக் குறைப்பது உண்மை என்றும், காற்று வறண்டிருந்தால் குளிர்ச்சி கூடுகிறது என்றும் அதில் தெரிந்தது. சென்னைபோல் கசகசக்கும் கடற்கரை ஊரில் பானைக்கு அவ்வளவு வலு இருக்காது.

பெரிய திருப்பம் கென்யாவின் தடாப் அகதி முகாமிலிருந்து வந்தது. சோமாலியா எல்லைக்குப் பக்கத்தில் 1991இல் உருவான முகாம் அது. குடிசைகளில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஆகவே இன்சுலினை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவும் முடியாது. ஊசி போட்டுக்கொள்ள நோயாளிகள் தினமும் மருத்துவமனைக்கு நடந்தார்கள். ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு அங்குள்ள வீடுகளின் வெப்பத்தைப் பதிவு செய்தது: இரவில் 25 டிகிரி, பகலில் 37. ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதே ஏற்ற இறக்கத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தார்கள். வீரியம் குறைந்தது 1 சதவீதத்துக்கு மேல் இல்லை. முடிவுகள் 2021இல் வெளியாயின. திறக்காத சில மனித இன்சுலின் வகைகள் 25 டிகிரியில் ஆறு மாதம், 37 டிகிரியில் இரண்டு மாதம் வரை தாங்கும் என்று 2023இல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் குப்பியை ஜன்னலோரம் வைத்துவிடக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் 37ஐத் தாண்டி எங்கோ போய்விடும். ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது. தெளிவாக இருக்கவேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தாலோ, கலங்கல் வகை குலுக்கியும் திரிதிரியாக நின்றாலோ தூக்கிப் போடவேண்டியதுதான். கோடையில் உடம்பும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்: சூட்டில் ஊசி மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்து சர்க்கரை சட்டென்று இறங்கலாம், தண்ணீர் குடிக்காமல் உடல் வற்றினால் ஏறவும் செய்யலாம். வெயில் மாதங்களில் சர்க்கரையை அடிக்கடி சோதித்துக்கொள்வது நல்லது; எந்த வகை இன்சுலினை எவ்வளவு நாள் வெளியே வைக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்ற காரணத்துக்காக ஒரு நோயாளியை ஊசிக்காகத் தினமும் நடக்கவைப்பதற்கு இனி மருத்துவ நியாயம் இல்லை.