சாலை வகுத்த வடிவம்: ட்ரெய்லர் பாய்மரப் படகுகளில் அடிபாரத்தின் வரலாறு

காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் வைத்து இழுத்துச் செல்லும் சிறு பாய்மரப் படகுகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் வாங்கத் தொடங்கிய நடுத்தரக் குடும்பங்களை நம்பி உருவானவை. துறைமுகத்தில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியதில்லை. வீட்டு வாசலில் நிறுத்திக்கொள்ளலாம். இவற்றின் வடிவத்தைக் கடலைவிடச் சாலையே அதிகம் தீர்மானித்தது என்பது என் துணிபு.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் நெடுங்காலம் 2.44 மீட்டருக்கு மேல் அகலமான வண்டி சாலையில் போக முடியாமல் இருந்தது. 1982இல் வந்த சட்டம்தான் முக்கிய நெடுஞ்சாலைகளில் அதை 2.59 மீட்டராக உயர்த்தியது. அகலம் குறைந்த படகு காற்றுக்குச் சட்டென்று சாயும். அதை நிமிர்த்த அடியில் பாரம் வேண்டும். அந்தப் பாரமோ சாலையில் காருக்குச் சுமை. இந்தச் சிக்கலைத் தலைமுறைக்குத் தலைமுறை வேறு வேறு விதமாக அவிழ்த்திருக்கிறார்கள்.

முதல் தலைமுறை பாரத்தையே விலக்கியது. நியூசிலாந்தின் ரிச்சர்ட் ஹார்ட்லி 1950களில் வரைந்த 16 அடிப் படகை இவ்வகையின் முன்னோடியாகக் கொள்வர். பிரிட்டனில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவரும் 1962இல் வடிவமைத்த ‘மிரர்’ இன்னும் சிறியது: 3.3 மீட்டர் நீளம், சுமார் 45 கிலோ எடை. ப்ளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் ஃபைபர் நாடாவும் ரெசினும் பூசினால் படகு தயார். பாய்மரத்தை இரண்டு துண்டாக்கிப் படகுக்குள்ளேயே அடக்கியிருந்தார்கள். காரின் கூரையிலும் ஏற்றிவிடலாம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர்கள் கட்டப்பட்டன. இவற்றில் ஓட்டுபவரின் உடம்புதான் பாரம்; காற்று வரும் பக்கம் விளிம்பில் உட்கார்ந்து பின்னால் சாய வேண்டும். குடும்பத்தோடு இரவு தங்கும் படகுக்கு இது போதாது.

அடுத்த விடை இரும்பு. ஃபிராங்க் பட்லர் 1969இல் கொண்டுவந்த கேட்டலினா 22 ஃபைபர் படகு; அகலம் 2.34 மீட்டர். அதன் அடியில் சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு ஏரா (கீல்), ஒரே ஆணியில் தொங்கியது. இறக்கினால் ஒன்றரை மீட்டர் ஆழம். வின்ச்சைச் சுழற்றி மடக்கினால் அறுபது சென்டிமீட்டர். படகு வேகமெடுக்கும்போது ஏராவைப் பிடித்திருக்கும் கம்பிவடம் தண்ணீருக்குள் ரீங்கரிப்பதை உள்ளே படுத்திருப்பவர் கேட்கலாம். ஆணி தேயும், வடம் அறும், இரும்பு துருப்பிடிக்கும். சாலையில் அத்தனை எடையும் அப்படியே கூட வரும்.

ஏராவை மடக்கும் படகுகளை விற்றுவந்த கலிஃபோர்னியாவின் ரோஜர் மெக்ரெகர் 1986 வாக்கில் அந்த இரும்பைக் கைவிட்டார். அவருடைய மெக்ரெகர் 26இல் படகின் அடியில் ஒரு தொட்டி. கரையிலிருந்து படகை இறக்கியதும் அடைப்பைத் திறந்தால் ஏரியே பாரத்தைக் கொடுத்துவிடும். ட்ரெய்லரில் ஏற்றும்போது வடிந்துவிடும். இந்த வரலாற்றிலேயே மிக அழகான யோசனை இதுதான். ஆனால் அது வேலை செய்யும் விதத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை. படகு நிமிர்ந்திருக்கும்வரை தொட்டி பெரிதாக உதவாது. படகு சாய்ந்து, தொட்டியின் ஒரு பக்கம் நீர்மட்டத்துக்கு மேல் எழும்போதுதான் அந்த நீர் எடையாகிக் கீழே இழுக்கும். எனவே இப்படகுகள் முதலில் எளிதாகச் சாயும், பிறகு பிடிவாதமாக நிற்கும். இரும்பு ஏராவுக்குப் பழகியவர்கள் முதல் சாய்விலேயே மிரண்டார்கள்.

1990களின் நடுவில் வந்த அவருடைய 26எக்ஸ் இன்னும் துணிந்தது. 50 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்தி, தொட்டியைக் காலிசெய்துவிட்டு விசைப்படகுபோல் பாயலாம். பாரம் இப்போது ஓட்டுபவரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 2002 ஜூலை 4 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஷாம்ப்ளேன் ஏரியில், தொட்டி நிரப்பப்படாத ஒரு 26எக்ஸ் 11 பேருடன் கவிழ்ந்தது. இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். தொட்டி காலியாக இருந்தால் நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்பது தயாரிப்பாளரின் எச்சரிக்கை. ஆனால் நீர்மட்டத்துக்கு மேலே நிற்பவருக்குத் தொட்டி நிறைந்திருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியாது. இரும்பு ஏரா இந்த மறதிக்கு இடம் தரவில்லை.

அடுத்து வந்த 26எம் வகையில் நீர்த்தொட்டியோடு சுமார் 136 கிலோ நிலையான பாரமும் சேர்க்கப்பட்டது.