கழுதைத் தலை மீமும் 1,800 வருஷப் பழைய பதிலும் (இழை)

1
"டாக்டர், சிலுவையில செத்தவரைப் போய் சாமின்னு கும்பிடுறீங்களேன்னு காலேஜ் குரூப்ல மீம் போட்டு ஓட்டுறாங்க. திருப்பி நானும் அவங்க சாமியைப் பத்தி ஒண்ணு போடவா?"

இன்பாக்ஸ்ல ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2
இந்த மீம் புதுசே இல்லீங்க. 1857-ல் ரோமின் பாலத்தீன் குன்றில் பழைய அரண்மனைக் கட்டடம் ஒன்றைத் தோண்டினப்போ, சுவரில் ஒரு கிறுக்கல் கிடைத்தது. சிலுவையில் ஒருவர். உடம்பு மனிதன், தலை கழுதை. கீழே ஒருத்தன் கையைத் தூக்கிக் கும்பிடுறான். அலெக்சமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்று கிரேக்கத்தில், எழுத்துப்பிழையோட எழுதியிருக்கு.

3
இதன் காலம் சுமார் கி.பி. 200 என்கிறார்கள் ஆய்வாளர்கள். சிலுவையில் இயேசுவைக் காட்டும் மிகப் பழைய படங்களில் இதுவும் ஒன்று. அதை வரைஞ்சது பக்தர் இல்லை, கிண்டல் பண்ணினவர்! அன்றைக்குச் சிலுவை என்பது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் கொடுக்கும் தண்டனை. அதில் தொங்கினவர் கடவுள் என்றால் ரோமானியருக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும்?

4
இனிமேதான் விஷயமே. அதே கட்டடத்தில் பக்கத்து அறைச் சுவரில் இன்னொரு எழுத்து கிடைத்தது. லத்தீனில் ரெண்டே வார்த்தை: அலெக்சமெனோஸ் விசுவாசமுள்ளவன்.

அவனே எழுதினானோ, அவன் கூட்டாளி எழுதினானோ, அதில் வசவு இல்லை. ஜூபிடருக்குக் கழுதைத் தலை வரையவும் இல்லை.

5
கார்த்தேஜில் இதே மாதிரி கழுதைக் காது, ஒரு காலில் குளம்பு வைத்த படத்தை ஒருத்தன் ஊரெல்லாம் தூக்கிக் காட்டினான். கி.பி. 197 வாக்கில் தெர்த்துல்லியன் இதைப் பதிவு செய்கிறார். நாங்கள் என்ன செய்தோம்? அந்தப் பெயரையும் உருவத்தையும் பார்த்துச் சிரித்தோம் என்கிறார்.

வாதமாக வந்த கேலிக்கு வாதமாகவே பதில் போச்சு. செல்சஸ் என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைக் கிழித்து ஒரு நூல் எழுதினார். ஓரிகன் எட்டுப் புத்தகங்களில் மறுப்பு எழுதினார், எதிராளியின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு. செல்சஸின் மூலநூல் அழிந்துபோச்சு. இன்று நமக்கு அவர் வாதம் தெரிவதே அவரை மறுத்தவர் புண்ணியத்தில்தான்!

6
எங்க துறை ஆளையும் சொல்லணும். மார்க்கஸ் அவுரேலியஸின் மருத்துவர் கேலன். ஆதாரம் கேட்காமல் நம்புறவங்கன்னு கிறிஸ்தவர்களைக் குத்தினவர். ஆனா அதே கேலன், இவர்கள் சாவுக்கு அஞ்சுவதில்லை, உணவிலும் ஒழுக்கத்திலும் கட்டுப்பாடாக இருக்கிறார்கள் என்று பாராட்டவும் செய்தார். வாதத்தில் அவர் மசியவில்லை. வாழ்க்கையைப் பார்த்து மதித்தார்.

7
250-ல் பேரரசர் டேசியஸ் காலத்தில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தினார்கள். அடுத்து கார்த்தேஜில் கொள்ளைநோய். வயிற்றுப்போக்கு, வாந்தி, கண் சிவப்பு என்று அறிகுறிகளை ஆயர் சிப்பிரியானே எழுதி வைத்திருக்கிறார். பழியும் கிறிஸ்தவர்கள் மேலேயே விழுந்தது.

சிப்பிரியான் என்ன சொன்னார் தெரியுமா? நம்ம ஆட்களை மட்டும் பார்த்துக்கொள்வதில் பெருமை இல்லை, நம்மைத் துன்புறுத்தினவர்களுக்கும் சேர்த்துச் செய்யுங்கள் என்றார். மருந்தே இல்லாத காலம். ஆனா வாந்தி பேதியில் கிடக்கிறவருக்கு பக்கத்திலிருந்து தண்ணீரும் ஆகாரமும் கொடுத்தாலே பல உயிர் தப்பும். டாக்டரா இதை உறுதியாச் சொல்வேன்.

8
நூறு வருஷம் கழித்து, 362-ல் பேரரசர் ஜூலியன். கிறிஸ்தவர்களைக் 'கலிலேயர்' என்று இளக்காரமாகவே அழைப்பார். அவரே தன் பூசாரி ஒருவருக்குக் கடிதம் எழுதிப் புலம்புகிறார்: இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள், நமக்கு வெட்கக்கேடு. ஊருக்கு ஊர் விடுதி கட்டச் சொல்கிறார். கேலி செய்தவரே பார்த்துப் பழக ஆரம்பித்துவிட்டார்.

9
கசப்பான பக்கத்தையும் சொல்லிடுறேன். அதிகாரம் கைக்கு வந்த பிறகு இதே பாடத்தைக் கிறிஸ்தவர்கள் மறந்ததும் உண்டு. 415-ல் அலெக்சாந்திரியாவில் ஹைபேஷியா என்ற தத்துவ ஆசிரியையைக் கிறிஸ்தவக் கும்பல்தான் கொன்றது. திருப்பி அடிக்கப் பலம் வந்த நாளில்தான் விசுவாசத்துக்கு உண்மையான பரீட்சை.

10
அதனால தம்பி, சிரிக்கக்கூடியதா இருந்தா சிரிச்சிட்டுப் போங்க. கேள்வியா இருந்தா படிச்சுப் பதில் சொல்லுங்க. மிரட்டல், அடிதடின்னா சட்டம் இருக்கு, புகார் கொடுங்க. பவுலும் ரோமக் குடியுரிமையைச் சொல்லி சீசரிடம் முறையிட்டவர்தான். அவங்க சாமியை மட்டும் தொடாதீங்க.

மீம் போட்ட பையனுக்கு நாளைக்கு ரத்தம் தேவைப்பட்டா முதல் ஆளா நீங்க போய் நில்லுங்க. அலெக்சமெனோஸுக்கு எழுதின அந்த ரெண்டு வார்த்தையை உங்க பேருக்குப் பக்கத்திலும் எழுத அவனுக்கே தோணும்.