பீப்பாய்க்குள் இருந்த கருவி

1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு குளோரோஃபார்ம் பீப்பாயைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. 5 காலன் பீப்பாய். உள்ளே போலீஸார் ஒளித்துவைத்த சின்ன ரேடியோக் கருவி. பீப்பாய் காரில் ஏறி, மினியாபொலிஸிலிருந்து விஸ்கான்ஸினில் ஒரு தனிக் குடில்வரை போயிற்று. கருவியின் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு போலீஸாரும் போனார்கள். பொதுச்சாலையில் போகிறவனுக்குத் தான் போகும் இடம் பற்றி அந்தரங்கம் கோர முடியாது என்றது தீர்ப்பு. எவரும் கண்ணால் பார்க்கக்கூடியதைத்தானே கருவி சொல்லிற்று என்பது வாதம். பின்தொடர்கிறவனுக்கும் உடம்பு உண்டு, அவனுக்கும் தூக்கம் வரும் என்ற நினைப்பு இந்த வாதத்துக்குள் எங்கோ இருந்ததாகப் படுகிறது.

1996இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஆன்ஸ்டார்' சேவையைத் தொடங்கியபின் ஒளித்துவைக்கும் சிரமம் இல்லை. விபத்தில் உதவி, திருட்டுப்போனால் மீட்பு. கருவியை வாடிக்கையாளரே காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்.

2003இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்குதான் இந்தச் சரித்திரத்தின் மையம் என்பேன். இப்படியொரு சேவையை நடத்திய கம்பெனி. தீர்ப்பில் அதற்குப் பெயர் கிடையாது, வெறும் 'கம்பெனி'. (வாடிக்கையாளரின் பேச்சு வெளியே போகலாம், கம்பெனியின் பெயர் போகக்கூடாது!) திருட்டு வண்டியை மீட்பதற்கான வசதியைத் தூரத்திலிருந்தே திறந்துவிட்டால் காருக்குள் நடக்கும் பேச்சு கேட்கும். அதன் வழியே ஒட்டுக்கேட்க எஃப்.பி.ஐ. உத்தரவு வாங்கியது. கம்பெனி முதலில் இணங்கியது, பிறகு மறுத்தது. மேல்முறையீட்டில் ஜெயித்தது கம்பெனிதான். எதனால்? ஒட்டுக்கேட்பு நடக்கும்போது வாடிக்கையாளரின் அவசர உதவிச் சேவை தடைப்படுகிறது, அதனால் கூடாது. சேவை கெடாமல் கேட்கும் உபாயம் இருந்திருந்தால் தீர்ப்புக்கு இந்த ஆதாரமும் இருந்திராது. காருக்குள் பேசிக்கொண்டிருந்தவர் வழக்கில் ஒரு கட்சிக்காரராகக்கூட இல்லை.

2012இல் மறுபடியும் உச்ச நீதிமன்றம். ஒரு ஜீப்பில் செல்லுபடியாகும் வாரண்ட் இல்லாமல் ஜி.பி.எஸ். கருவியைப் பொருத்தி 28 நாள் கண்காணித்தார்கள். தவறு என்பதில் 9 நீதிபதிகளும் ஒன்றுபட்டார்கள். ஆனால் நீதிபதி ஸ்கலியா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்புக்கு ஆதாரம், பிறருடைய சொத்தின்மேல் போலீஸ் ஒன்றைப் பொருத்தியது. அலிட்டோ தனியாக எழுதியதில் சங்கடமான கேள்வி ஒன்று இருக்கிறது: வாங்கும்போதே வண்டியில் இருந்த திருட்டுத் தடுப்புக் கருவியை போலீஸ் ரகசியமாக முடுக்கியிருந்தால்? தொட்டதாகுமா? இரும்பைக் காப்பாற்றத் தெரிந்த சட்டத்துக்குப் பயணத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார்.

போலீஸ் அதற்குள் பழைய கதையாகிவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ஓட்டும் விவரங்கள், திடீர் பிரேக் உள்பட, தரகு நிறுவனங்கள் வழியாக இன்ஷூரன்ஸ்காரர்களுக்குப் போவதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அத்தகைய நிறுவனங்களுக்கு விவரம் கொடுப்பதற்கு 5 ஆண்டுத் தடையை 2025 ஜனவரியில் மத்திய வர்த்தகக் கமிஷன் முன்வைத்தது. கமிஷனின் குற்றச்சாட்டுப்படி, சில சமயம் 3 விநாடிக்கு ஒரு தரம் வண்டி இருக்குமிடம் குறிக்கப்பட்டது. வாடிக்கையாளரின் சம்மதமும் விஷயத்தைச் சரியாகச் சொல்லாமல் வாங்கியது.